லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?

வாகனம் வைத்திருக்கும் நம்மவர் இருவர் சந்தித்துக்கொண்டால், சுகநலம் விசாரித்து முடிந்ததும் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. "லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?" என்பதே அது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எத்தனையோ முறை இதைக் கேட்டிருக்கிறேன். இலண்டனில் ஒரு திருமண மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில், "கலனுக்கு எத்தனை மைல்?" என்ற வடிவில் இதே கேள்வி காதில் விழுந்தது. சொல்லப்படும் பதில்களோ பெரும்பாலும் நம்பத்தக்கவை அல்ல. என்றோ ஒருநாள் வெறும் வண்டியாக, நல்ல வீதியில், பின்காற்றோடு ஓடிய கணக்கே அந்த வாகனத்தின் ஆயுட்காலக் கணக்காகச் சொல்லப்படும். "அளந்து பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்டால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

நான் இயந்திரவியல் கற்றவன் அல்லன். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்து, அதன்பின் செய்தித்தாள்களில் எழுதியே காலம் கழித்தவன். ஆனால், யாரோ சொன்ன ஓர் எண்ணை அப்படியே ஏற்காமல், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது எங்கள் தொழில் தந்த பழக்கம். அந்தப் பழக்கம் 2023ஆம் ஆண்டில் கிளிநொச்சியில் எனது அக்காவின் குடும்பப் பிழைப்போடு சம்பந்தப்பட்ட விடயமாகிவிட்டது. பழைய வாகனங்களோடு மல்லுக்கட்டும் வேறு சிலருக்கும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அத்தான் ஒரு கமக்காரர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல்லும், மேட்டுக் காணியில் கத்தரி, பயற்றை, பப்பாசியும் செய்கிறார். 2009இல் தமது உழவு இயந்திரத்தை வழியில் கைவிட்டு, உடுத்த உடையோடு செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தவர். மீளக் குடியேறிய பின்னர், 2011இல், பட்ட கடன்களோடு இன்னொரு கடனும் பட்டு ஒரு பிக்கப் வாங்கினார். 1993ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ரொயோட்டா ஹைலக்ஸ் அது. 2,779 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு கொண்ட டீசல் எஞ்சின். டேர்போ இல்லை, கணினி இல்லை. நான்கு சில்லுகளுக்கும் வலு கொடுத்து ஓட்டக்கூடியது. சேற்றிலும் போகும், கிறவல் வீதியிலும் போகும்.

வாரத்தில் மூன்று நாள் விடியுமுன்னே மரக்கறி ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்வருவார். அயலிலுள்ள மூன்று குடும்பங்களின் மரக்கறியும் அதே பிக்கப்பில்தான் போகும். டீசல் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். இந்த ஏற்பாட்டின் பெறுமதியை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உணர்வது கடினம். சொந்தமாக ஏற்றிப் போக வழியில்லாத கமக்காரர், தோட்டத்து வாசலில் வந்து நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கத்தரிக்காயை இன்னும் நான்கு நாள் செடியில் வைத்திருக்க முடியாது. அந்த உண்மை வியாபாரிக்கும் தெரியும். ஆகவே, அந்தப் பழைய பிக்கப் என்பது நான்கு குடும்பங்களின் பேரம்பேசும் சக்தி.

அந்தச் சக்திக்குத்தான் 2022இல் ஆபத்து வந்தது. 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் 26ஆம் திகதி அதே டீசல் 460 ரூபாய். ஆறு மாதத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த விலைக்கும் டீசல் கிடைக்கவில்லை. நாட்கணக்கில் வரிசை. வரிசையில் காத்து நின்றபடியே உயிரிழந்த முதியவர்களைப் பற்றி நாங்கள் செய்தி எழுதினோம். ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று ஆரம்பித்த அந்தப் பங்கீடு 2023 செப்ரெம்பர் வரை நீடித்தது. வரிசைகள் மறைந்தன. விலை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை.

ரொறன்ரோவிலிருக்கும் எனது மருமகன், அதாவது அக்காவின் மூத்த மகன், தொலைபேசியில் சொன்னான்: "மாமா, அப்பாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. அந்தப் பழைய இரும்பை வித்துப்போட்டு ஆறுதலா இருக்கச் சொல்லுங்கோ. டீசலுக்குக் குடுக்கிற காசை நான் அனுப்பிவிடுறன்." பாசத்தில் சொன்ன சொல்தான். ஆனால், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற வாகனத்தை விற்றவருக்கு இன்னொன்று வாங்குவது குதிரைக்கொம்பு. அத்தான் பிக்கப்பை விற்றால், அது ஒரு காலத்தின் முடிவாக இருக்கும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. "என்ன செய்யிறது தம்பி, உது டீசலைத் தண்ணி மாதிரிக் குடிக்குது" என்று மட்டும் சொன்னார்.

எவ்வளவு குடிக்கிறது? அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை.

பழைய பாடம்

எரிபொருட் சிக்கனம் எங்கள் மண்ணுக்குப் புதிய பாடமன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் அடங்கின. அப்போது யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியவை அநேகமாகப் பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ40களும்தாம். சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை, எங்கும் மண்ணெண்ணெய் மணம். நோயாளியும் மணமகளும் அதே காரில்தான் போனார்கள். அச்சுத்தாள் இல்லாமல் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் நாளிதழ் அச்சான காலம் அது.

அந்தக் கார்கள் ஏன் மண்ணெண்ணெயில் ஓடின என்பதற்குக் காரணம் உண்டு. அவற்றின் அமுக்க விகிதம் சுமார் 7க்கு 1. அவ்வளவு குறைந்த அமுக்கத்தில்தான் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே தீப்பற்றாமல் ஓரளவு ஒழுங்காக எரியும். பின்னாளில் வந்த, அமுக்கம் கூடிய யப்பானியக் கார்கள் அதைத் தாங்கவில்லை, தட்டுப்பட்டு நின்றன. புதியவை வீட்டு முற்றத்தில் துணி போர்த்திக் கிடக்க, பழையவை ஊரைச் சுமந்தன. அதற்கு விலையும் இருந்தது. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். அடிக்கடி ஒயில் மாற்றாதவரின் எஞ்சின் விரைவில் தேய்ந்துபோகும்.

இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022 ஓகஸ்ற் 22 வரை இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்தது. அதன்பின் ஒரேயடியாக 340 ரூபாயாயிற்று. 87 ரூபாயாக இருந்த நாட்களில் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓடியவர்கள் பலர். அன்று கார் ஓடவில்லையா என்பது அவர்களின் வாதம். ஆனால், பெற்றோல் எஞ்சினின் கதை வேறு, டீசல் எஞ்சினின் கதை வேறு. டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு உராய்வு நீக்கும் எண்ணெயாக இருப்பதும் அந்த டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. லீற்றர் ஒன்றில் அடங்கியிருக்கும் சக்தியும் டீசலைவிடச் சற்றுக் குறைவு. அத்தானின் பிக்கப்பில் அதைச் செய்யவில்லை. பம்ப் போனால் பிக்கப்பே போனது போல.

மந்திரக் கட்டைகள்

நெருக்கடி வந்தால் மந்திரவாதிகளும் வருவார்கள். எரிபொருட் குழாயில் கட்டும் காந்தம், தண்ணீரிலிருந்து ஐதரசன் பிரித்து எஞ்சினுக்குள் விடும் போத்தல், தாங்கிக்குள் போடும் குளிசை என்று முகநூலில் விளம்பரங்கள் குவிந்தன. மருமகனும் இரண்டு இணைப்புகளை அனுப்பிவைத்தான். டீசலின் மூலக்கூறுகளைக் காந்தத்தால் ஒழுங்குபடுத்த இயலாது. தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை அதே எஞ்சின்தான் டீசல் எரித்துத் தரவேண்டும். கிடைக்கும் ஐதரசனைவிட அதைப் பெறக் கொடுக்கும் டீசல் அதிகம். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் இப்படிப்பட்ட 100இற்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசோதித்து, எரிபொருளைக் குறிப்பிடத்தக்க அளவு மிச்சப்படுத்தும் ஒன்றையும் காணவில்லை.

1996இல் தமிழ்நாட்டில் 'மூலிகைப் பெற்றோல்' பற்றி எழுந்த பரபரப்பை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். செய்தித்தாள்கள் முதற்பக்கத்தில் கொண்டாடின. அதை அறிவித்தவருக்கு 2016இல் சென்னை நீதிமன்றமொன்று மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தபோது, அந்தச் செய்திக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. அற்புதம் விற்பனையாகும், அளவீடு விற்பனையாகாது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் இதைச் சொல்ல எனக்கு வருத்தமே.

அளந்து பார்த்தது

ஆகவே, முதலில் அளக்கத் தீர்மானித்தோம். எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி பிக்கப்பின் முன்தட்டில் வைத்தேன். முறை மிக எளிது. தாங்கியைக் கழுத்துவரை நிரப்பி, மீற்றரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறையும் அதே நிரப்பு நிலையத்தில், அதே பம்பில், அதே மட்டம்வரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுக்க வேண்டும். ஒருமுறை போதாது, மூன்று முறையாவது செய்து சராசரி எடுக்க வேண்டும். பங்கீட்டுக் காலத்தில் இது இலகுவாக இருக்கவில்லை. ஆனாலும் செய்தோம்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அத்தான் மூல அளவிலும் பெரிய ரயர்களைப் போட்டிருந்தார். பெரிய ரயர் ஒரு சுற்றில் கூடிய தூரம் போகும். மீற்றருக்கோ சுற்றுக்கணக்கு மட்டுமே தெரியும். ஏ9 வீதிக் கிலோமீற்றர்க் கற்களை வைத்துச் சரிபார்த்தோம். கல்லின்படி 20 கிலோமீற்றர் ஓடியபோது மீற்றர் 19.2 என்றது. ஏறக்குறைய 4 வீத வித்தியாசம். திருத்திக் கணக்கிட்டபோது பதில் வந்தது: லீற்றருக்கு 8.1 கிலோமீற்றர். கொப்பியின் முதலாம் பக்கத்தில் அந்த எண் இன்றும் இருக்கிறது.

அதன்பின் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது. ஆகவே ஒரு மாற்றம், பின்னர் இரண்டு மூன்று நிரப்பல். அடுத்த மாற்றம், மீண்டும் நிரப்பல்.

முதலில் செலவில்லாதவை. மாரி காலத்தில் சேற்றுக்காகப் பூட்டிய முன்சில்லுப் பூட்டுகள் திறக்கப்படாமலே இருந்தன. முன்பக்கத்து அச்சும் பற்சக்கரங்களும் தார் வீதியிலும் வீணே சுழன்றுகொண்டிருந்தன. அவற்றைக் கையால் திருப்பி விடுவித்தோம். ரயர்களில் காற்றைப் பார்த்தோம். கதவோரத் தகட்டில் குறித்திருந்த அளவுக்கு 8 இறாத்தல் குறைவு. நான்கு ரயர்களிலும் ஓர் இறாத்தல் குறைந்தால் 0.2 வீதம் எரிபொருள் வீண் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. அப்படியானால் 8 இறாத்தலுக்கு ஒன்றரை வீதத்துக்குச் சற்று அதிகம். பெரிதல்ல, ஆனால் காற்று இலவசம். பின்பெட்டியில் இரண்டு மணல் மூட்டை, பழுதான தண்ணீர்ப் பம்ப், சங்கிலி என்று 80 கிலோவுக்குக் குறையாத சுமை நிரந்தரக் குடியாக இருந்தது. அதையும் இறக்கினோம்.

வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்கதவைத் திறந்து தொங்கவிடுவது அத்தானின் வழக்கம். காற்று தடையின்றிப் போகட்டும் என்பது அவர் எண்ணம். உலகெங்கும் பிக்கப் ஓட்டுபவர்களின் எண்ணமும் அதுவே. காற்றுச் சுரங்கச் சோதனைகள் நேர்மாறாகச் சொல்கின்றன. கதவு மூடியிருந்தால் பெட்டிக்குள் காற்று ஒரு சுழலாக அடங்கி நின்று, மேலே வரும் காற்றை வழுக்கிப் போகவிடும். கதவைத் திறந்தால் அந்தச் சுழல் குலைந்து இழுவை கூடும். பெட்டிக்கு மேலே படங்கை இறுக்கிக் கட்டுவது இன்னும் நல்லது.

அடுத்தது பிறேக். பத்துக் கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, நான்கு சில்லுகளின் நடுப்பகுதியையும் கையால் கிட்டப் பிடித்துப் பார்த்தோம். பின் இடது பக்கம் மட்டும் அனல் வீசியது. ஜக் வைத்துத் தூக்கிச் சில்லைச் சுற்றினால் சுற்ற மறுத்தது. பிறேக்கை அரைவாசி பிடித்துக்கொண்டே அந்த வண்டி எத்தனை மாதம் யாழ்ப்பாணம் போய்வந்ததோ! அதைக் கழற்றித் துப்புரவாக்கிச் சரிசெய்த பின், கணக்கு 8.7க்கு வந்தது.

பிறகு எஞ்சின். வெப்பமானியின் முள் எப்போதும் அடியிலேயே கிடப்பதைக் கண்டேன். விசாரித்தபோது, முந்திய மெக்கானிக் ஒருவர் தெர்மோஸ்ராற் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டது தெரியவந்தது. "எங்கட வெயிலுக்கு உது தேவையில்லை" என்பது இங்குள்ள கராஜ்கள் பலவற்றின் நம்பிக்கை. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுத்து, 80 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் எஞ்சினை வைத்திருப்பதே அந்த வால்வின் வேலை. அது இல்லாத எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டிலேயே ஓடும். ஒயில் தடிப்பாக இருக்கும். எரிந்த டீசலின் வெப்பத்தில் கூடிய பங்கு தண்ணீரோடு வீணே போகும். றேடியேற்றரைத் துப்புரவாக்கி, புதிய வால்வைப் பூட்டினோம்.

மேடேறும்போது கரும்புகை வந்தது. எரியாத டீசல் புகையாகப் போகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. காற்று வடிகட்டியைத் தட்டியபோது ஒரு சிறங்கை கிறவல் புழுதி விழுந்தது. அதை மாற்றியும் புகை முழுதாக நிற்காததால், 'பம்ப் றூம்' என்று இங்கு அழைக்கப்படும் டீசல் பட்டறைக்கு நான்கு இன்ஜெக்ரர்களையும் கொண்டுபோனோம். அங்கே கைப்பம்பில் பூட்டி அடித்துக் காட்டினார்கள். மூன்றில் டீசல் பனிப்புகார் போல வந்தது. நான்காவதில் துளித்துளியாகச் சொட்டியது. நான்குக்கும் முனைகள் மாற்றி, பம்பின் நேரத்தையும் சரிசெய்தார்கள். கணக்கு 9.4.

இவற்றுக்கெல்லாம் ஆன மொத்தச் செலவு அத்தானின் ஒரு மாத டீசல் செலவுக்குள் அடங்கியது.

கால் செய்யும் வேலை

மீதி இருந்தது அத்தானின் வலது காலில்.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 65 கிலோமீற்றர். ஆனையிறவு வெளியில் காற்று முகத்தில் அடிக்கும். அந்த வெளியில் அத்தான் 85இல் போவார். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 85ஐ 65 ஆக்கினால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய 40 வீதம் குறையும். முகப்பு ஒரு சுவர் போல நிமிர்ந்து நிற்கும் பழைய பிக்கப்புக்கு இது சிறிய விடயமன்று.

"மெதுவாப் போனால் சந்தை முடிஞ்சிடும் தம்பி" என்றார் அத்தான். கணக்குப் பார்த்தோம். 85இல் போனால் 46 நிமிடம்; 65இல் போனால் 60 நிமிடம். வித்தியாசம் 14 நிமிடம். கொப்பியை வாங்கி இருமுறை பார்த்தார். "பதினாலு நிமிசந்தானே?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து நாலு மணிக்குப் பதிலாக மூன்றே முக்காலுக்குப் புறப்பட்டார். அக்கா அதற்கு முன்னரே எழுந்து தேநீர் வைக்கவேண்டி வந்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எரிபொருட் சிக்கனம் என்பது எப்போதும் யாரோ ஒருவரின் உறக்கத்திலிருந்தோ உழைப்பிலிருந்தோதான் வருகிறது.

விடிய எழுந்து எஞ்சினை இயக்கிவிட்டு, சூடேறட்டும் என்று கால்மணி நேரம் விடுவதும் நின்றது. இவ்வளவு பெரிய டீசல் எஞ்சின் சும்மா நின்றாலே மணிக்கு அரை லீற்றருக்கு மேல் எரிக்கும். அரை நிமிடம் பொறுத்து, முதற் சில கிலோமீற்றரை மெதுவாக ஓட்டினால் போதும். ஏற்றி இறக்கும் நேரத்தில் எஞ்சினை நிறுத்தவும் பழகினார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தியோ கியரைக் கழற்றியோ உருளவிட்டு மிச்சம்பிடிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கியரில் இருக்கும்போது காலை எடுத்தாலே டீசல் பம்ப் டீசலை நிறுத்திவிடும். சில்லுகளே எஞ்சினைச் சுழற்றும். கியரைக் கழற்றினால்தான், எஞ்சின் அணையாதிருக்க டீசல் வேண்டும். எஞ்சினை நிறுத்தினாலோ இன்னும் மோசம். இந்த வகை டீசல் வண்டிகளில் பிறேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்ப் மின்பிறப்பாக்கியோடு சேர்ந்தே சுழல்கிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். கடுகண்ணாவையில் ஒரு லீற்றர் டீசலை மிச்சம்பிடிக்கப் போய் உயிரைக் கொடுக்கவேண்டியதில்லை.

இந்தப் பழக்கங்கள் படிந்த பிறகு மூன்று நிரப்பல்களின் சராசரி 10.1. அதற்கு மேல் போகவில்லை. போகும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அது 1993இல் செய்யப்பட்ட வண்டி.

8க்கும் 10க்கும் இடையில்

மருமகனுக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது சிரித்தான். "மாமா, என்ர ஹைபிரிட் லீற்றருக்கு இருபது ஓடுது. எட்டிலயிருந்து பத்தாக்கினதுக்கோ இவ்வளவு பாடு?" என்றான். நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால், கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது.

லீற்றருக்கு 18 ஓடும் கார் ஒன்றைச் செலவழித்து 20 ஆக்கினால், 100 கிலோமீற்றருக்கு மிச்சமாவது 0.56 லீற்றர். 8 ஓடும் பிக்கப்பை 10 ஆக்கினால், அதே 100 கிலோமீற்றருக்கு மிச்சமாவது 2.5 லீற்றர். இரண்டிலும் கூடியது இரண்டு கிலோமீற்றர்தான். மிச்சமோ நாலரை மடங்கு. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று நாம் கேட்கும் அந்தக் கேள்வியே நம்மை ஏமாற்றுகிறது. 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கேட்டிருந்தால் உண்மை உடனே விளங்கியிருக்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இந்த மயக்கத்தைப் பற்றியதுதான்.

அத்தான் வாரத்துக்கு ஓடும் தூரம் ஏறக்குறைய 420 கிலோமீற்றர். முன்னர் 52 லீற்றர் வேண்டியிருந்தது. இப்போது 42க்குள் முடிகிறது. வாரம் 10 லீற்றர். 2022 ஜூனின் உச்ச விலையில் அது வாரத்துக்கு 4,600 ரூபாய். ஆண்டுக்கு 500 லீற்றருக்கு மேல். நான்கு குடும்பங்கள் பகிரும் செலவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சந்தைக்குப் போவதா, வாசலில் வரும் வியாபாரிக்குக் கொடுப்பதா என்ற கேள்விக்கு அந்த ஐந்தில் ஒரு பங்குதான் விடை சொன்னது. பிக்கப் விற்கப்படவில்லை.

கூடுதலாகக் குடிக்கும் பழைய வாகனத்தைத்தான் எவரும் திருத்தத் தகுதியற்றதாகக் கருதுகிறார்கள். கணக்கின்படி, சிறு திருத்தம் பெரும் பயன் தருவது அங்கேதான். புதியது வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. பழைய வண்டி விடும் புகை ஊருக்கு நல்லதன்று என்பதையும் மறுக்கவில்லை. ஆனால், வசதியற்றவனிடம் "வித்துப்போட்டு இரு" என்று சொல்லுமுன், அந்த வண்டி எத்தனை குடும்பங்களைச் சுமக்கிறது என்றும், கொஞ்சம் கவனித்தால் இன்னும் எவ்வளவு காலம் சுமக்கும் என்றும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

வெளிநாடுகளிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அப்பாவோ பெரியப்பாவோ வண்டி டீசல் குடிக்கிறது என்று சொன்னால், காந்தத்துக்கான இணைப்பை அனுப்பாதீர்கள். பம்ப் றூமுக்கும் தெர்மோஸ்ராற்றுக்கும் ஆகும் காசை அனுப்புங்கள். ஒரு கொப்பியும் பேனையும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

அத்தானின் கொப்பி இப்போது மூன்றாவது கொப்பி. நான் எழுதச் சொல்வதில்லை, அவரே எழுதுகிறார். கடைசியாகப் பார்த்தபோது எண் 9.8 ஆகக் குறைந்திருந்தது. "பின் சில்லு திரும்பவும் பிடிக்குது போல, நாளைக்குக் கழட்டிப் பாக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டு ஜக்கைத் தேடிப் போனார்.